கண்டக்டரக்கா தலை எண்ணுகிறார்

கடைசி வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார் கண்டக்டரக்கா. தலைகளை எண்ணுகிறார். இருபது வருடமாகப் பேருந்தில் செய்வதைத்தான் பகுதி மக்கள் கூட்டத்திலும் செய்கிறார். முன்னால் நின்று பார்த்தால் முகங்கள் சிரித்து ஏமாற்றிவிடும், பிடரி ஏமாற்றாது என்பது அவர் கட்சி.

"அந்தச் செவப்புச் சட்டையப் பாருங்க. முன்வாசல்ல ஒரு தடவ வந்தான், இப்ப பின்வாசல்ல வர்றான். எத்தன தடவ ஏறினாலும் ஆளு ஒண்ணுதான்" என்றார் என்னிடம். மடியில் இருக்கும் குழந்தைகளையும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் தெருவில் அவரை நம்பாதவர் இல்லை. அவர் நம்புகிறவர்தான் யாரும் இல்லை. தக்காளியைக் காம்பு வரை திருப்பிப் பார்ப்பார். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதி படிப்பார். சௌக்கியமா என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறேன் என்று ஒரு நொடி யோசித்த பிறகுதான் பதில் வரும். விடுமுறை நாளிலும் தோளில் அந்தத் தோல்பை தொங்கும்.

கூட்டத்துக்கு அறுபது பேராவது வந்தால்தான் தீர்மானம் செல்லும் என்று புதிய சட்டம் சொல்கிறது. எல்லாம் மக்களைக் கேட்டே நடக்க வேண்டுமாம். போன கூட்டத்தில் எங்கள் நூலகத்தை மூடினார்கள். அக்காவின் கணக்கில் அன்று வந்தவர்கள் முப்பத்து நான்கு பேர். பிறகு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் சரியாக அறுபது கையெழுத்து.

"ஆபீஸ் நேரத்து பஸ்ஸுலகூட இவ்வளவு கச்சிதமா ஆள் ஏறாது" என்றார் அக்கா. நான் போய்ப் பார்த்தேன். பத்து வருடமாக வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் ஐம்பத்திரண்டாவது ஆளாக அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், எண்ணத் தோன்றவில்லை.

அக்காவின் மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் கணவருக்கு ஒரு பக்கம் கைகால் விளங்காது. மாலை ஷிப்டில் இவர் போய்விட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் கிடையாது. காலை ஷிப்ட் கேட்டு எழுதிய மனு எட்டு மாதமாகக் கவுன்சிலரின் சிபாரிசுக்குக் காத்திருக்கிறது. காரியம் நடக்கத்தான் இப்படிக் குடைச்சல் கொடுக்கிறாரோ என்று ஒருநாள் கேட்டும்விட்டேன். "குடைச்சல் குடுத்தா எந்தக் காரியம்ங்க நடக்கும்? வாய மூடிட்டு இருந்தா நடக்கும்" என்றார்.

இன்றைய தீர்மானம், பிள்ளைகளின் விளையாட்டுத் திடலை வாகன நிறுத்தமாக்குவது. கூட்டம் முடிந்து வருகைத் தாள் கடைசி வரிசைக்கு வந்தது. இரண்டு தாள்கள், ஓரத்தில் ஒன்று முதல் அறுபது வரை எண்கள் அச்சாகியிருந்தன. அக்கா முப்பத்தேழாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பிறகு யாரும் இல்லை. ஆனால் தாளை விடவில்லை.

கவுன்சிலருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மேடையிலிருந்து தானே இறங்கி வந்தார். கணவரின் உடம்பை விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க ஷிப்ட் விஷயமா நாளைக்கே டிப்போவுல பேசிடறேன்கா. தாளக் குடுங்க" என்றார்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதம் காத்திருந்த வார்த்தை. கொடுத்திருந்தால் நான் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் தோல்பையைத் திறந்தார். டிக்கெட் மிஷின் மக்கர் செய்யும் நாளுக்கென்று வைத்திருக்கும் டிக்கெட்டில் ஓட்டை போடும் பழைய இடுக்கியை எடுத்தார். தாளின் ஓரத்தில் முப்பத்தெட்டு என்ற எண்ணின் மீது வைத்து அழுத்தினார். டக். அடுத்து முப்பத்தொன்பது. கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த முறை நானும் எண்ணினேன். இருபத்து மூன்று டக். அறுபதாம் எண்ணிலும் ஓட்டை போட்டு முடித்ததும், மடியில் விழுந்த காகிதப் பொட்டுகளை ஒன்று விடாமல் கூட்டி எடுத்து, தாளோடு சேர்த்துக் கவுன்சிலரின் உள்ளங்கையில் வைத்தார்.