என் கை உப்பு

அணு உலையில் தண்ணீர் பார்ப்பதுதான் என் வேலை. காரைக்கால் பக்கம் எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் இதைச் சொன்னால், இதற்கா இவ்வளவு படித்தாய் என்பார்கள். பார்ப்பது என்றால், அதில் உப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் உலையில் நீராவியைக் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்குவது கடல்நீர். இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் மெல்லிய குழாய்கள். ஒன்றில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்விடும். உப்பு மட்டும் கொதிகலனின் இடுக்கில் தங்கி, அங்குள்ள குழாய்ச் சுவரைச் சத்தமில்லாமல் தின்னும். அந்தச் சுவருக்கு மறுபுறம் ஓடுவது கதிர்வீச்சுள்ள நீர்.

சோதனைக்கு எடுக்கும் தண்ணீரில் விரல் பட்டாலே உப்பின் அளவு ஏறிவிடும். வியர்வை உப்பு போதும். நானோ கருவாடு இல்லாமல் மதியச் சோற்றுக்கு உட்காராதவன். ஒருமுறை சோடியம், அதாவது உப்பின் அளவு, எகிறியபோது, "காரைக்கால் கை பட்டிருக்கும்" என்று நானே சிரித்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி மறுபடி பிடித்தேன். அளவு இறங்கியிருந்தது. அன்றிலிருந்து ஆய்வகத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. அளவு ஏறினால் "சார் கை" என்பார்கள், கொட்டுவார்கள், மறுபடி பிடிப்பார்கள். ஏறிய அளவைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. குழாயிலேயே மாட்டியிருந்த மீட்டரும் அவ்வப்போது துள்ளியது. அதற்கும் கருவாட்டு ருசி கண்டுவிட்டது என்றேன். என் நகைச்சுவைக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

போன மாதம் விடுப்பில் ஊருக்கு வந்து நாலாவது நாள். அக்கா வாசலில் உட்கார்ந்து மீனைக் கீறி உப்பு திணித்துக்கொண்டிருந்தாள். உதவுகிறேன் பேர்வழி என்று நான் உபத்திரவம் செய்துகொண்டிருந்தேன். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள். கையெல்லாம் உப்பு, முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கினேன். சோடியம் ஏறியிருக்கிறதாம். கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கப் போகிறாளாம். சும்மா கேலிக்குத்தான் கூப்பிட்டாளாம்.

"லீவுல போயும் உங்க கை விடமாட்டேங்குது சார்."

சிரித்தேன். என்ன சங்கதி என்று அக்கா கேட்டாள். விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. செவுளைப் பிடுங்கியபடியே கேட்டாள்: "நீதான் நாலு நாளா இங்க கெடக்கியேடா. அப்ப அங்க யாரு கை?"

கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு போன் பக்கம் குனிந்தேன்.

"கொட்டாதம்மா," என்றேன். பாதி கொட்டியாகிவிட்டதாம். மிச்சத்தை மூடி வைத்துவிட்டு மீட்டரைப் பார்த்து வரச் சொன்னேன். திரும்பி வந்தவள் குரலில் கேலி இல்லை. அதுவும் ஏறியிருந்தது. இந்தத் தடவை இறங்கவில்லை.

சற்று நேரத்தில் ஷிப்ட் பொறுப்பாளரே பேசினார். இதற்கு முன் எப்போதாவது ஏறியிருக்கிறதா என்று கேட்டார். பதிவேட்டில் ஒன்றுமே இல்லையாம். இருக்காது. அவ்வளவு சுத்தமான பதிவேடு எங்களுடையது. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்பி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டும் இருப்பார்.

"ஏறியிருக்குங்க சார். எழுதல. கொட்டிட்டோம். ஆரம்பிச்சு வச்சவன் நான்தான்."

"எத்தனை தடவை?"

எண்ணிப் பார்த்தேன். மழைக்காலத்திலிருந்து எண்ண வேண்டியிருந்தது. பாதியில் விட்டுவிட்டு, தெரியவில்லை என்றேன். அவர் உலையை நிறுத்தச் சொல்லப் போவதாகவும், நான் உடனே கிளம்பி வர வேண்டும் என்றும் சொன்னார். உப்பு எத்தனை குழாயைத் தின்றிருக்கிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.