ஷாக்ரோ வாசலோடு நின்ற வீடு

என் தம்பி ஷாக்ரோவுக்குப் பேச்சுதான் பிழைப்பு. வண்டி ஓட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ககேதி மாகாணம் முழுக்க அவனுடைய வெள்ளை வேனைத் தெரியாத நாய்கூடக் கிடையாது. பதினான்கு வருடமாக வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு சிக்நாகி கோட்டைச் சுவர், போத்பே மடம், ஷுவாம்தா மடம், தெலாவி அரண்மனை, கடைசியில் யாராவது ஒருவருடைய ஒயின் நிலவறை என்று சுற்றிக்கொண்டிருக்கிறான். வழி மாறாது, கதைதான் ஆளுக்கு ஆள் மாறும். வந்தவர்கள் கொட்டாவி விட்டால் போதும், கோட்டைக் கோபுரம் ஒன்றில் புதிதாக ஒரு காதல் ஜோடி குடியேறிவிடும்.

"ஏண்டா இப்படிப் புளுகற?" என்று கேட்டால், "கோபுரம்னா வெறும் கல்லுதானேக்கா. கல்லை எவ்வளவு நேரந்தான் பார்ப்பாங்க, பாவம்?" என்பான்.

முதலில் அவன் தெலாவியில் ஒயின் ஆலையில் புட்டி கழுவினான். ஆலை மூடியது. லாரி ஓட்டினான். எல்லையை அடைத்தார்கள், லாரி வீட்டு வாசலில் நின்று துருப்பிடித்தது. அதை விற்றுத்தான் இந்த ஜப்பான் வேனை வாங்கினான். ஸ்டியரிங் வலது பக்கம், எங்கள் ஊருக்குத் தப்பான பக்கம். முன்னால் போகிற வண்டியை முந்த வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மடத்துக்கு வந்த கன்னியாஸ்திரிகளைக்கூட அந்த வேலை வாங்கியிருக்கிறான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இருபது வயதிலேயே எங்கள் ஊர்க் கல்யாண விருந்துகளில் மேசைத் தலைவனாக உட்கார்ந்தவன் அவன். எங்களுக்கு விருந்தென்றால் மேசைத் தலைவர் எழுந்து ஒவ்வொரு வாழ்த்தாகச் சொல்லச் சொல்லத்தான் கிண்ணம் காலியாகும், தானாக எடுத்து யாரும் குடிப்பதில்லை. அப்படிப் பேசுகிறவன் பதினான்கு வருடமாக ஒரு மேசையிலும் உட்காரவில்லை. ஒரு சொட்டு குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டால் லைசென்ஸ் போச்சு. குடிக்காமல் மேசையில் உட்காருவது அவனுக்குப் பிடிக்காது. அதனால் உள்ளே பாட்டும் சிரிப்புமாக இருக்கும்போது, தண்ணீர்ப் புட்டியும் கையுமாக வேன் டயரில் சாய்ந்து வாசலிலேயே நிற்பான்.

ஊரில் இத்தனை வாசல் இருந்தும் ஒரு வாசல் பக்கம் மட்டும் அவன் வண்டி திரும்பாது. அது எங்கள் அண்ணன் தேதோவின் வீடு, நாங்கள் மூன்று பேரும் பிறந்த வீடு. இரண்டு பேரும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் நான்தான். இது ஷாக்ரோவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

அப்பா லெக்சோ இறந்த நாற்பதாம் நாள் விருந்து. மலைமேல் இருந்து பதினோரு கிழவர்களை ஷாக்ரோ வேனில் ஏற்றி வந்திருந்தான், இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விடவும் வேண்டும். அண்ணன் எழுந்து அப்பாவுக்கான வாழ்த்தைச் சொல்லப் போகிறார். இவன் அடுப்படிக்கு ஓடி வந்து, "அக்கா, கை காலியா இருக்கு. நான் குடிக்கக் கூடாது, என்ன பண்றது?" என்றான். முந்தின வாரம் யாரோ ஜெர்மன்காரர்கள் வேனில் விட்டுப் போன போதையில்லாத பீர் என் கண்ணில் பட்டது. மது இல்லைதானே என்று ஒரு கோப்பையில் ஊற்றிக் கையில் திணித்தேன். அவனும் என்னவென்று பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடினான். நாற்பது நாள் அழுத மண்டை, அதற்குமேல் யோசிக்கவில்லை.

எங்கள் ஊரில் பீரைத் தூக்கி ஒருவர் பெயரைச் சொன்னால் அது வாழ்த்து இல்லை, வசவு. ஆகாதவனுக்குத்தான் பீரைத் தூக்குவார்கள். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா?

அண்ணன் கோப்பையில் தளும்பிய நுரையைப் பார்த்தார். "எங்கப்பன் உனக்கு எதிரியாடா?" என்றார். மேசையில் இருந்த அறுபது பேரும் தங்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். ஷாக்ரோ திரும்பி என்னைப் பார்த்தான். நான் கையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

பிறகு எத்தனையோ தடவை "நான் சொல்லிடறேண்டா" என்று அவனிடம் போயிருக்கிறேன். "விடுக்கா. அவரு கோவக்காரரு. தம்பி ஒருத்தனை அவரு இழந்தது போதும்" என்று வாயை அடைத்துவிடுவான். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது, பொய் சொல்வானேன். சனிக்கிழமை தவறாமல் அண்ணனுக்கு ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் அண்ணனுக்கு எழுபது வயதாகி, நெஞ்சைக் கீறித் தைத்தும் விட்டார்கள். இன்னொரு சாவு மேசையில்தான் இவர்கள் சந்திப்பார்களோ என்று நினைத்துக்கொண்டே மாவு பிசைவேன்.

போன செப்டம்பரில், அறுவடைக்கு நாலு நாள் முன்னால், விடிந்ததும் விடியாததுமாக ஷாக்ரோ என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் சரியில்லை.

"வழக்கமா போற நிலவறையில இன்னிக்குக் கல்யாணமாம். ஆபீஸ்காரங்க வேற இடம் பேசிட்டாங்க. எங்கன்னு கேளேன்."

எனக்குத் தெரியும். அண்ணி லமாரா முந்தின நாளே என்னிடம் பத்து ரொட்டி கேட்டிருந்தாள், வெளியூர்க்காரர்கள் ஆறு பேர் விருந்துக்கு வருகிறார்கள் என்று. யார் வண்டியில் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"நல்லதாப் போச்சு. இன்னிக்காவது அண்ணன் வீட்டுக்குள்ள வந்து உட்காரு" என்றேன்.

"கூப்பிடாத வீட்டுக்குள்ள நான் எதுக்குக்கா? வாசல்தான் எனக்குப் பழக்கமாச்சே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

பத்து ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் வேனில் ஏறினேன். வந்திருந்தவர்கள் போலந்துக்காரர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறு வாத்தியார்கள். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி படித்தவர்களாதலால் பேச்சுக்குக் குறைவில்லை. முன் சீட்டில் யத்விகா என்று ஒரு அம்மாள், எழுபத்தைந்து வயதிருக்கும், நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக. ஷுவாம்தா மடத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஷாக்ரோ அவர்களுக்கு மேசைப் பழக்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான்.

"தலைவர் ஒரு வாழ்த்தைச் சொல்லிட்டு, உங்களைப் பார்த்து 'அலவெர்டி'ன்னு சொன்னாருன்னா, அந்த வாழ்த்தை நீங்க மேல கொண்டு போகணும். நீங்க இன்னொருத்தருக்கும் தரலாம். யார் பேரைச் சொன்னாலும் சரி, அந்த ஆளு மறுக்கக் கூடாது. மறுத்தா அது மேசைக்கே அவமானம்."

"வயிற்றுவலி என்றால்?" என்றாள் யத்விகா அம்மாள்.

"செத்தாத்தான் மன்னிப்பு" என்றான் ஷாக்ரோ. அம்மாள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அண்ணன் வீட்டு வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினான். விருந்தாளிகளை வரவேற்க வந்த அண்ணன், யார் வண்டி என்று பார்த்தார். இவன் குனிந்து டயரைப் பார்த்தான். அண்ணன் வந்தவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேசையைத் திராட்சைப் பந்தலுக்கடியில் போட்டிருந்தார்கள். பாலாடைக்கட்டி ரொட்டி, வால்நட் அரைத்துப் பூசிய கத்தரிக்காய், மண்சட்டியில் பீன்ஸ், சுட்ட பன்றி இறைச்சி. அண்ணன் நிலவறையில் மண்ணுக்குள் புதைத்த சாடியைத் திறந்து, பழுப்பேறிய மஞ்சளில் ஒயினை மொண்டு கொண்டுவந்தார். சமாதானத்துக்கு ஒரு வாழ்த்து, வந்தவர்கள் நாட்டுக்கு ஒன்று, பெற்றவர்களுக்கு ஒன்று. அண்ணன் பேச்சு சுருக்கம், கணக்காகப் பேசுவார். மூன்றாவது கிண்ணத்தில் போலந்துக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். வேலிக்கு வெளியே ஷாக்ரோவின் தொப்பி மட்டும் தெரிந்தது.

பிறகு அண்ணன் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். போய்விட்டவர்களுக்கான வாழ்த்து. இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு, வயதில் பெரியவள் என்று யத்விகா அம்மாளைப் பார்த்து "அலவெர்டி" என்றார்.

அந்த அம்மாள் போன வருடம் இறந்த தன் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நோட்டைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில் உரக்கச் சொன்னாள்: "ஷாக்ரோவுக்கு அலவெர்டி!"

ஐயோ! அண்ணன் முகம் கல்லாகிவிட்டது. விருந்தாளி வாயிலிருந்து வந்துவிட்டது, தலைவர் என்றாலும் அதை அவர் தட்ட முடியாது. வெளியே நிற்கிறவனும் தட்ட முடியாது, காலையில் அவன் சொல்லிக்கொடுத்த பாடம்தானே.

ஷாக்ரோ வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மேசையின் கடைசியில் நின்றான். அவனுடைய கை காலியாக இருந்தது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள், அண்ணன் உட்பட.

நான் ஒரு கிண்ணத்தில் ஒயினை நிரம்ப ஊற்றி அவன் முன் வைத்தேன். அவன் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

"அக்கா, இருபத்தாறு வருஷம் பேக்கரி வேன் ஓட்டினவதானே நீ. இவங்களை ரொட்டின்னு நெனச்சு ஓட்டு."

போலந்துக்காரர்களுக்குப் புரியச் சொன்னதும் கைதட்டினார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஷாக்ரோ கிண்ணத்தைத் தூக்கினான்.

"எங்கப்பா லெக்சோ பெரிய ஆளு கிடையாது. திராட்சை மிதிக்கிற நாள்ல எங்களைத் தூக்கித் தொட்டிக்குள்ள விடுவாரு. அண்ணனுக்குப் பெரிய காலு, எனக்குச் சின்னக் காலு. 'சின்னக் கால் மிதிச்ச பக்கந்தாண்டா இனிப்பு'ன்னு என் காதுல சொல்வாரு. அண்ணன் காதுல 'பெரிய கால் பக்கந்தான் இனிப்பு'ன்னு சொல்லியிருக்காரு. ரொம்ப நாள் கழிச்சுத்தான் எங்களுக்கு இது தெரிஞ்சுது. புளுகற புத்தி எனக்கு அவர் கிட்டேர்ந்துதான் வந்தது." கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். "அவருக்காக ஒருநாள் நான் பீரைத் தூக்கினேன். தப்பு என்னோடது. இன்னிக்கு..."

"பொய்!" என்றேன்.

என் குரல்தான். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வாயைத் திறந்தாகிவிட்டது. "அண்ணே, அந்தப் பீரை நான்தான் ஊத்திக் கொடுத்தேன். போதை இல்லாததுதானேன்னு கொடுத்துட்டேன். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கல, நானும் வாயத் திறக்கல."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "ஒம்பது வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை உன் ரொட்டியைத் தின்னுட்டிருக்கேனேடி!"

"ஆமாண்ணே."

"தின்னும்போது பக்கத்துல உட்கார்ந்து உப்பு சரியா இருக்கான்னு வேற கேட்ப!"

"ஆமாண்ணே."

அவர் ஷாக்ரோ பக்கம் திரும்பினார். "நீ ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா அக்காவையும் வாசல்ல நிறுத்தியிருப்பீங்க. அப்பறம் உங்களுக்குன்னு யாரு இருக்கா?"

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நான் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தார். போனவர்களுக்கு ரொட்டியின்மேல் ஒயின் ஊற்றுவது எங்கள் வழக்கம். அதை ஒருவன் தானே பிடித்துத் தானே ஊற்றிக்கொள்வான். அண்ணன் அந்தத் துண்டை மேசைக்குக் குறுக்கே ஷாக்ரோவை நோக்கி நீட்டினார்.

"ஊத்துடா. எவ்வளவு நேரம் பிடிச்சிட்டிருக்கிறது?"

ஷாக்ரோ ஊற்றினான், பாதி ரொட்டியிலும் பாதி அண்ணன் சட்டைக்கையிலும். மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நின்றான். யத்விகா அம்மாள் என் முழங்கையைப் பிடித்து, தான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டோமா என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அண்ணன் மூக்கைச் சிந்திவிட்டு உள்பக்கம் பார்த்துக் கத்தினார். "லமாரா! இந்தச் சிறுக்கிதான் வண்டி ஓட்டணுமாம், ஒயின் ஆகாது. இவளுக்கு ஒரு போதையில்லாத பீரு கொண்டா!"

அப்புறம் நடந்ததெல்லாம் பாட்டுதான். பொழுது சாயும்போது விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். தப்பான பக்கம், கியருக்கு நான் வலது கையை நீட்டினால் அங்கே கதவு. பக்கத்தில் ஷாக்ரோ, முந்தும்போது பார்த்துச் சொல்ல.

அண்ணன் வேலியைத் தாண்டி வண்டிவரைக்கும் வந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"திங்கக்கிழமை மிதிக்கணும். அந்தச் சின்னக் காலைக் கழுவிட்டு வா."

வாய் ஓயாத என் தம்பி, தெலாவி போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி ஒன்றை முந்தவும் அவன் எனக்குச் சொல்லவில்லை, அதன் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.