வெறுங்கையோடு நின்றவர்

எங்கள் தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்த வருடம் அது. என் மகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்து, விடிகாலையில் பஸ்ஸுக்கு ஓடத் தொடங்கியதும் அந்த வருடம்தான். எனக்கு எழுத்து தெரியாது. வருடங்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கோபாலண்ணன் மகன் ஜுருவிலிருந்து போன் செய்தான். "மாமா, அப்பா போயிட்டாரு" என்றான். மீனை விட்டுவிட்டு நடந்தேன். வீடு வந்து சேரும்வரை மனம் அந்த வருடத்துத் தைப்பூசத்திலேயே நின்றது. அவரைத் தெரிந்த உங்களுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

டத்தோ கிராமாட்டில் அண்ணன் தேங்காய்ப்பால் கடை வைத்திருந்தார். நான் அங்கே தேங்காய் உரிப்பவன். கடை லாரியை ஓட்டியவன் ஆ செங். பூசத்துக்குத் தேர் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேர் போன பிறகு சில்லுகள் காலில் மிதிபடும், கடைசியில் டிராக்டர் வந்து குப்பையோடு அள்ளும். அண்ணனுக்கு அது பொறுக்காது. "சாமிக்கு ஒடைச்சதை மிதிக்கலாமாடா?" என்பார். நாங்கள் மூவரும் மூட்டை மூட்டையாகப் பொறுக்கி, தண்ணீர்மலையைத் தாண்டிக் காட்டோரமாக வளையும் சாலையில் குரங்குகளுக்குக் கொட்டுவோம். புண்ணியம் என்றே நினைத்தோம்.

ஓட்டுவது ஆ செங், ஹார்ன் அடிப்பது நான். மூன்று தடவை அடித்தால் போதும், மரமெல்லாம் ஆடும். "டேய் செங், உன் சொந்தக்காரங்க வர்றாங்க பாரு" என்பார் அண்ணன். "எனக்கு இல்ல லா பாஸ், ஒங்க மூஞ்சிதான் ஒரே மாதிரி" என்பான் அவன்.

அந்த வருடம் பூசம் முடிந்த மூன்றாம் நாள், மிச்சமிருந்த ஒரு மூட்டையோடு போனோம். லாரி சாலைக்கு இந்தப் பக்கம் நின்றது. காடு அந்தப் பக்கம். நான் ஹார்ன் அடித்தேன். குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய்க்குரங்கு முதலில் இறங்கி ஓடிவந்தது. வளைவில் வந்த கார் நிற்கவே இல்லை. தாய் தப்பியது. குட்டி சாலையில் கிடந்தது. தாய் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு சாலையோர மதில் மேல் ஏறி உட்கார்ந்தது. மூட்டை அவிழ்க்கப்படாமலே கடைக்குத் திரும்பியது.

மறுநாள் அண்ணன், "வண்டியை எடு" என்றார். மூட்டை இல்லை. அந்த வளைவில் இறங்கி மதிலோரம் போனார். தாய்க்குரங்கு செத்த குட்டியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அது இறங்கி வந்தது. கையெட்டும் தூரத்தில் நின்று முதலில் கைகளைப் பார்த்தது, பிறகு முகத்தைப் பார்த்தது. ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அண்ணனும் தார் சாலையோரம் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் லாரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்க எனக்குத் துணிவில்லை.

திரும்பும்போது சொன்னார்: "வெறுங்கையோட சாமிகிட்ட போகக்கூடாதுன்னு சின்னதுலேருந்து சொல்லிக் குடுத்தாங்க. இது வெறுங்கையோட வான்னு சொல்லுது தம்பி. எனக்கு இன்னைக்குத்தான் தரிசனம்."

அடுத்த பூசத்திலிருந்து அவர் அந்த வளைவில் நிற்கத் தொடங்கினார். தேங்காயோடும் பழத்தோடும் யார் வந்தாலும் கையை விரித்து மறித்தார். பாசாரில் அவருக்குக் 'குரங்கு போலீஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு வருடம் ஒரு அம்மா காரை நிறுத்தி இறங்கி, "ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கிட்டு கொண்டாந்திருக்கேன். தடுக்கறதுக்கு நீ யாருய்யா?" என்று கத்தினார்.

"இதுங்களை ரோட்டுக்கு இழுத்துட்டு வந்த பாவி நான்தாம்மா."

"அப்ப என் வேண்டுதல்?"

"என்கிட்ட குடுத்துடு. கொறை வந்தா என் தலையில வரட்டும்."

அந்த அம்மா முறைத்துவிட்டு, பையை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார். அன்று வந்த தேங்காயெல்லாம் ஆடு வளர்க்கும் ஒருவருக்குப் போயிற்று.

இதைக் கேளுங்கள். ஹார்ன் அடித்தது நான். ஒரு தடவைகூட அண்ணன் அதைச் சொன்னதில்லை. யார் கேட்டாலும் "நான் கூப்பிட்டேன், வந்துச்சு" என்றே சொன்னார். நானும் அதைக் கேட்டுக்கொண்டு லாரிக்குள் சும்மா இருந்தேன். லாரி ஓடிய வரை ஒவ்வொரு பூசத்துக்கும் கூடவே போனேன், ஒரு பூசத்துக்கும் இறங்கவில்லை. வெட்கம். ஒருமுறை ஆ செங் மட்டும், "தம்பி, நீயும் போய் நில்லு லா, கால் வலிக்குது அவருக்கு" என்றான். கேட்காதவன்போல் இருந்துவிட்டேன்.

கோவிட் வந்து ஊரை அடைத்தபோது ஆ செங் இறந்துபோனான். அதன் பிறகு அண்ணன் தனியாகப் பஸ்ஸில் போனார், முட்டியைப் பிடித்துக்கொண்டு. போன பூசத்துக்கும் நின்றார். தாய்க்குரங்கை அதன் பிறகு பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதைப் பார்க்கவா போறேன்? அது என்னைப் பார்த்துச்சே, அதுக்குப் போறேன்" என்றார்.

அவர் வீட்டிலிருந்து எனக்கென்று எதுவும் வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டியது அந்த விரித்த இரண்டு கைகள். அவை என்னிடம் இருக்கின்றன. உரித்து உரித்துக் காய்த்துப்போனவை, ஆனால் விரியும்.

வண்டிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அங்கே சில குரங்குகள் இறங்கத்தான் செய்கின்றன. அதனால் வருகிற பூசத்துக்கு யாரும் அந்த வளைவில் தேங்காய் கொட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஆள் நிற்கும். கேட்பவர்களிடம், ஹார்ன் அடித்தவன் தான்தான் என்று சொல்லும். அந்த லாரியில் இருந்த மூவரில் இன்னும் உயிரோடு இருப்பவன் அவன் ஒருவன்தான். பெயர் வீராசாமி.