ராகேல் அத்தை உள்ளே வந்தாள்

மும்பை செம்பூரில் என் ஜன்னலுக்கு வெளியே இன்று வேப்பமரத்தை வெட்டுகிறார்கள். அந்தக் கசப்பு வாடையில் நாற்பதுகளின் தாராவி திரும்பியது.

ஏழு வயதில் எனக்குப் பெரியம்மை கண்டது. அம்மா இல்லை, அப்பா தோல் கிடங்குக்குப் போய்விடுவார். எங்கள் தேவாலயச் சபையார் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ராகேல் அத்தை மட்டும் உள்ளே வந்து, வேப்பிலைக் கொத்தால் என் உடம்பை வருடிக்கொண்டிருந்தாள்.

தெருவில் நின்று உபதேசியார் அதட்டினார்: “கிறிஸ்தவ வீட்டுல மாரியாத்தா வேப்பிலையா, ராகேல்?”

“புள்ள சொறிஞ்சி புண்ணாக்கிக்கிடுது அய்யா. உள்ள வந்து கையப் புடிச்சிக்கிடுதியளா?”

அவர் அங்கேயே நின்று ஜெபித்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாள் வந்த அத்தை மறுநாள் வரவில்லை. அவளுக்கும் அம்மை. சுவருக்கு அப்பால் அவள் முனகுவது கேட்டது. எழுந்து போக எனக்குத் தெம்பில்லை. வேறு யாரும் போகவில்லை. ஒரு வாரத்தில் அந்தச் சத்தமும் நின்றது.