தலைவன் தனியாக நிற்பான்

மலாயாவில் ஜாசின் ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கேதான் பிறந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பிறகு ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை.

எனக்குப் பதினாலு வயசிருக்கும். மலாக்காவிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிற தமிழ்ப் பையன்கள். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைக்கிளில் வருவார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடக் கொட்டகையில் எங்களை உட்காரவைத்து, தொண்டு செய்வது எப்படி, தலைவனாக நடப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்கள். காசு வாங்கவில்லை. அதையும் சொல்லவேண்டும்.

போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். தோட்டத்தில் யார் செத்தாலும் குழி வெட்டுவது அப்பா. செத்த மாட்டை இழுப்பதும் அவர்தான். தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுடையது கடைசி லயம். மற்ற லயத்தார் எங்கள் கையால் தண்ணீர் வாங்கமாட்டார்கள். மேலே பட்டுவிட்டால் குளிப்பார்கள்.

"தொண்டா? நாமதான் பொறந்ததுலேர்ந்து பண்றோமே. அதுக்கு ஒரு படிப்பு வேறயா?" என்றார். போகாதே என்று சொல்லவில்லை.

முதல் நாள் மூத்த மாணவர், "இங்க சாதி கிடையாது தம்பிங்களா, எல்லாரும் ஒண்ணு" என்றார். நம்பினேன்.

மறுவாரம் காயத்துக்குக் கட்டுப்போடும் பயிற்சி. அதற்காகத்தான் நான் போனதே. அம்மாவுக்கு வெட்டுக்கத்தி பட்டு, விரல் சீழ் வைத்து, ஒரு மாதம் படுத்துக் கிடந்தாள். என்ன செய்வதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னார்கள். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் மகன் எழுந்து அந்தக் கோடிக்கே போய்விட்டான்.

மூத்தவர் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். தன் கழுத்து விசிலைக் கழற்றி நீட்டினார். "நீதான் தம்பி தலைவன். தனியா நின்னு எல்லாரையும் கவனி. நீ ஊதினா ஆரம்பிக்கணும், ஊதினா நிறுத்தணும்."

அன்றைக்கு வீடுவரை நிமிர்ந்து நடந்தேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் ஊதினேன். அவர்கள் கட்டினார்கள், அவிழ்த்தார்கள். சாக்கில் கம்பு கோத்து ஆள் தூக்கினார்கள். நான் வந்தால் கங்காணி மகன், "தலைவரு வர்றாரு, தள்ளி நில்லுங்கடா!" என்பான். சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் சாக்கு எடுக்கக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். மாணவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது தெரியவில்லை.

"அந்தப் பையனுக்கு ஒரு கட்டுக்கூடப் போடத் தெரியல. அவன் எப்படிலா தலைவன்?" என்று ஒருவர் கேட்டார்.

மூத்தவர் சொன்னார்: "வேற எங்க வைக்கிறது? தலைவன்னா தனியா நிப்பான். யார் மேலயும் படவேணாம். கங்காணியும் சும்மா இருப்பாரு, கிளாசும் நடக்கும்."

"கெட்டிக்காரன்லா நீ!"

சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அவர்களும் வந்ததும் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"அண்ணே, எனக்குத் தலைவர் வேல வேணாம். கட்டுப்போடச் சொல்லிக்குடுங்க."

"தலைவனுக்கு அது தேவையில்ல தம்பி."

"அப்ப உங்க கையக் குடுங்கண்ணே. உங்களுக்கே போட்டுப் பழகுறேன்."

அவர் கங்காணி மகனைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார்.

"மழ வர்ற மாதிரி இருக்கு. அடுத்த வாரம் பாப்போம்."

வெளியே நல்ல வெயில்.

அடுத்த வாரமும் போனேன். அவர் ஒரு பொம்மை கொண்டுவந்திருந்தார். சாக்கில் காய்ந்த லாலாங் புல் அடைத்து, கை கால் வைத்துத் தைத்தது.

"இது உனக்குத்தான் தம்பி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் கட்டிப் பழகு."

பிரியமாகத்தான் சொன்னார். ராத்திரி உட்கார்ந்து தைத்திருப்பார்.

கட்டினேன். இறுக்கமா, தளர்வா, அது சொல்லவில்லை. அவிழ்த்துத் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பிறகு போகவில்லை.