சூட்டுக்கு அசையாத மருந்து

மழைக்காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கூடிவிடும். நனைந்து வந்த கொழுந்து லேசில் வாடாது. தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை விடுவேன். தண்ணீர் ஆவியாகிப் போகும், இலை இலையாகவே இருக்கும். பிறகு இயந்திரத்தில் கசக்கிப் பரப்பி வைத்தால் பச்சை மெல்லச் செம்பு நிறமாகும். அதை மறுபடி பச்சையாக்க யாராலும் முடியாது. ஆனால் அந்த மாற்றத்தைச் சீக்கிரமாக்கலாம், தாமதமாக்கலாம். எல்லாம் சூட்டைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் இருக்கிறது என்ற திமிர் எனக்கு அங்கேதான் வந்தது.

என் மனைவிக்குத் தைராய்டில் புற்றுநோய். கழுத்தில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, மிச்சம் மீதியை அழிப்பதற்காகப் பினாங்கில் கதிர்வீச்சு அயோடின் கொடுத்தார்கள். ஒரே ஒரு மாத்திரைதான். அதற்கு அத்தனை கெடுபிடி. ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருந்தார்கள். அனுப்பும்போது, உடம்பிலிருந்து கதிர் வீசும், அதனால் வீட்டிலும் சில நாள் யாரும் அவள் பக்கத்தில் போகக் கூடாது, படுக்கையும் தட்டும் தனியாக இருக்கட்டும் என்றார்கள். மகளை ரிங்லெட்டில் என் தங்கை வீட்டில் விட்டோம்.

தோட்டத்து லயத்து வீட்டில் அவளுக்கு உள்ளறை, எனக்குக் கூடம். அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். நான் வேலை முடிந்து வந்ததும் என் சட்டையை மோந்து பார்த்து, இன்றைக்குத் தூள் நல்லாயிருக்கு என்றோ கருகிவிட்டது என்றோ சொல்வது அவள் வழக்கம். முக்கால்வாசி தப்பாகத்தான் சொல்வாள். அந்தத் தப்புக்காக நான் ஏங்கிப் போனேன். வாய் காயாமல் இருக்கப் புளிப்பாக ஏதாவது சப்பச் சொல்லியிருந்தார்கள். ‘அசாம் போய்’ என்கிற புளிப்பு உலர்பழப் பொட்டலத்தை வாசலிலிருந்து எறிவேன், அவள் மடியை விரித்துப் பிடிப்பாள். நாங்கள் தொட்டுக்கொண்டது அவ்வளவுதான்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டில் ஹீட்டர் வாங்கி வந்து வாசலில் வைத்து, சூடு அவள் பக்கம் போகிற மாதிரி திருப்பிவிட்டேன். நனைந்த கொழுந்துக்குச் செய்வதுதான். உடம்பு சூடானால் மருந்து சீக்கிரம் ஓடிவிடும் என்று என் நினைப்பு. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கம்பளியை உதறித் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் என்ன கொழுந்தா, இப்படிப் போட்டு வாட்டுறீங்க?"

அதை மகளிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படிவம் நான்கில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். போனை என்னிடம் கொடுக்கவும் முடியாது, அதனால் என் மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, அது அணுவுக்கு உள்ளுக்குள்ள நடக்குறதுப்பா. ஹீட்டர் வச்சாலும் ஐஸ்ல வச்சாலும் அதுக்கு ஒண்ணுதான்லா."

அந்த அயோடின் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக அயோடினே இல்லாமல் போய், வேறொரு வாயுவாக மாறிவிடுமாம். என் தொழிலில் இல்லாத மாற்றம். ஹீட்டரை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். காத்திருப்பதைத் தவிர அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அவமானமாகக்கூட இருந்தது.

கெடு முடிந்த அன்று நான் கூப்பிடும் முன்பே அவள் எழுந்து வந்தாள். என் காலரைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தாள்.

"இன்னிக்குக் கருக்கிட்டீங்க."

அன்றைக்குத் தூள் அருமையாக வந்திருந்தது. ஆமாம், கருக்கிவிட்டேன் என்றேன்.

நோய் பிறகு திரும்பி வந்தது. அடுத்த முறை அது அந்த மருந்துக்குக் கட்டுப்படவில்லை. மகள் இப்போது தாப்பாவில் வேலை பார்க்கிறாள். மழை நாளில் வேலை முடிந்து வந்தால், சட்டையைக் கழற்றாமல் அதே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்கிறேன். உள்ளே கட்டில் இருக்கிறது. அந்தத் தூரத்தை அன்றைக்கு எப்படியெல்லாம் திட்டினேன். இன்றைக்கு அவ்வளவு தூரத்தில் அவள் இருந்தால் போதும்.