மரகதம் போட்ட எரு

மரகதம் அக்காவுக்குச் சண்டை போட ஆள் வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குக் காப்பி வேண்டும், சிலருக்குக் கோவில் வேண்டும், அவருக்கு இது. அமெரிக்காவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தன்னை யாரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை திட்டவில்லை என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

மில்பிடாஸில் இருந்தபோது அபார்ட்மென்ட் பால்கனியில் கத்தரிச் செடி வைத்தார். தண்ணீர் கீழ்வீட்டில் சொட்டியது. கீழ்வீட்டுக்காரர் தினமும் சிரித்துக்கொண்டே குட் மார்னிங் சொன்னார். மாதக் கடைசியில் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. பிறகு ஃபிரிஸ்கோவில் சொந்த வீடு வாங்கி, பின்பக்கம் புடலைக்குப் பந்தல் போட்டார். அதற்கும் குடியிருப்புச் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. புகார் கொடுத்தது பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் என்று பின்னால் தெரிந்தது. அவர்களும் அனுமார் கோவிலில் பார்த்தால் "ஹாய் ஆன்ட்டி, எப்படி இருக்கீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

"ஏன்டி இப்படிப் பண்ணினேன்னு வாசல்ல நின்னு ஒரு சத்தம் போட்டிருந்தா, நானே பந்தலைப் பிரிச்சுப் போட்டிருப்பேன் கண்ணு. பேப்பர்ல எழுதி அனுப்பறாங்க. பேப்பரோட எப்படிச் சண்டை போடறது?" என்பார்.

அவருடைய கணவர் சபரிநாதனுக்கு எல் பாசோவில் வேலை கிடைத்தது. வீடு இந்தப் பக்கம், வேலை எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகோவில், கார்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில். மகள் வெண்பா வேலையைச் சொல்லி ஃபிரிஸ்கோவிலேயே நின்றுவிட்டாள். "இட்ஸ் எ டெசர்ட், மா" என்றாளாம். பொய் சொல்லவில்லை. மொட்டை மலை, உப்புத் தண்ணீர், கடப்பாரைக்கும் அசையாத வெள்ளை மண். பங்குனி சித்திரையில் புழுதிக் காற்று, அதற்குப் பிறகு அடுப்பு. நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்களைக் கூட்டினால் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அதனால் அக்கா வந்த வாரமே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

என் வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு சர்ச்சின் பின்புறம் பொதுத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஆளுக்கொரு பாத்தி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற வால்டர் என்பவர் அதைக் கவனித்துக்கொள்கிறார். எனக்கு அங்கே பேருக்கு ஒரு பாத்தி இருந்தது, அதில் பேருக்குக் கொஞ்சம் புதினா இருந்தது. அக்காவைக் கூட்டிப்போய் அடுத்த பாத்தியை வாங்கிக் கொடுத்தேன். அக்கா முதல் நாளே அவரை விதையை நெருக்கி ஊன்றினார். அந்தப் பக்கத்துப் பாத்தியிலிருந்து ஓர் அம்மாள் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பெயர் எல்வா. ஸ்பானிஷில் பொரிந்து தள்ளினார். குனிந்து விதைகளைத் தோண்டி எடுத்து, ஒரு முழம் தள்ளித் தள்ளி அவரே ஊன்றினார்.

என் பாத்தியில் நீ யார் கை வைக்க என்று அக்கா கொங்குத் தமிழில் ஆரம்பித்தார். எல்வா நிறுத்தவில்லை. அக்காவும் நிறுத்தவில்லை. போலீஸ் வந்துவிடுமோ என்று நான் பயந்து நின்றேன். கடைசியில் எல்வா தன் பாத்திக்குப் போய் இரண்டு பச்சை மிளகாயைப் பறித்து வந்து அக்காவின் கையில் திணித்துவிட்டுப் போனார்.

காரில் ஏறியதும் அக்கா சொன்னார்: "ருக்மிணி, அந்தம்மா என்னைத் திட்டுச்சு." அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இதே கூத்துத்தான். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் ஒன்றும் பாக்கியில்லாமல் பேசிக்கொள்வார்கள். எல்வா திட்டும்போதுகூட "மிஹா" என்றுதான் கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம் என நான் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். அதைக் கேட்ட அன்றைக்கு அக்கா சண்டைக்குப் போகாமல் அவரைக்காய் பறித்தார். எல்வாவின் மிளகாய் அக்காவின் வீட்டில் மோர் மிளகாய் ஆனது. அக்காவின் அவரைக்காய் எல்வாவின் வீட்டில் என்ன ஆனது என்று கேட்கக்கூடாது.

வினை சாணி ரூபத்தில் வந்தது.

தோட்டத்தில் கடையில் வாங்கும் மூட்டை உரம்தான் போடவேண்டும் என்று வால்டர் ஒரு விதி வைத்திருந்தார். அக்காவுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். "மாட்டைக் கண்ணால பாக்காத உரம்" என்பார். ஒரு மார்கழியில் மாநில எல்லைக்கு அப்பால் நியூ மெக்ஸிகோவில் ஒரு மாட்டுப்பண்ணையைக் கண்டுபிடித்தார். அங்கே மட்கிய சாணி மலையாகக் குவிந்து கிடந்தது, யார் வேண்டுமானாலும் சும்மா அள்ளிக்கொண்டு போகலாம். அக்கா ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளே வால்டரைப் பிடித்துக்கொண்டார். பாவம், மனிதர் போர்முனையெல்லாம் பார்த்தவர், அக்காவின் முன் ஒரு வாரம்கூட நிற்க முடியவில்லை. விதி தளர்ந்தது. பொங்கலை ஒட்டி வால்டரின் பிக்கப் வண்டியில் நடை நடையாக அடித்து, தோட்டத்தில் இருந்த எல்லாப் பாத்திக்கும் அக்கா தன் கையாலேயே போட்டார். முதல் கூடையில் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகிக் கும்பிட்டார். எல்வா ஒன்றும் புரியாமலே சிலுவை போட்டுக்கொண்டார்.

சாணி கெடுதல் செய்யும் என்று யாராவது சொன்னால் நானும் சிரித்திருப்பேன். நம்மில் யார்தான் நம்புவோம்? வாசலில் தெளித்ததும், அடுப்பில் எரித்ததும், சாமியாக வைத்ததும் அதைத்தான்.

பங்குனியில் எல்லோரும் விதைத்தார்கள். முளை நன்றாகத்தான் வந்தது. மூன்றாவது இலை விடும்போது சுருள ஆரம்பித்தது. தக்காளிக் கொழுந்து கயிறு போல முறுக்கிக்கொண்டது. அவரை கொக்கி போட்டு நின்றது. எல்வாவின் மிளகாய்ச் செடிகள் கைக்குழந்தையின் விரல் மாதிரி மூடிக்கொண்டு விரியவே இல்லை. புழுதிக் காற்று என்றார் வால்டர். உப்புத் தண்ணீர் என்றார் இன்னொருவர். கண் பட்டுவிட்டது என்றார் அக்கா. ஓரத்தில் அருகம்புல் மட்டும் கொழுத்து வளர்ந்தது. அது எங்கேதான் வளராது என்று யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அப்போது அக்கா ஒரு வைத்தியம் செய்தார். செடிக்குச் சத்துப் போதவில்லை என்று முடிவுகட்டி, பெரிய டிரம்மில் அதே சாணியைக் கரைத்து, வெல்லமும் கடலை மாவும் போட்டுப் புளிக்க வைத்தார். விடிவதற்குள் போய், யாரும் கேட்காமலே, எல்லாப் பாத்திக்கும் ஊற்றினார். எல்வாவின் பாத்திக்கு மட்டும் இரண்டு பங்கு. வயதான அம்மாள், பாவம், மறுபடி விதைக்கத் தெம்பிருக்காது என்று.

சித்திரை முடிவதற்குள் தோட்டமே படுத்துவிட்டது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து மண்ணையும் மிச்சமிருந்த எருவையும் எடுத்துப் போனார். சில வாரத்தில் விஷயம் தெரிந்தது. பண்ணைக்கு வைக்கோல் விற்ற யாரோ வயலில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். அது புல்லை ஒன்றும் செய்யாது, அகல இலைச் செடியைத்தான் கொல்லும். மாட்டின் வயிற்றில் போனாலும் சாகாது, மட்கினாலும் சாகாது. சாணியோடு அப்படியே வந்துவிடும். இந்த மண்ணில் மழையும் இல்லை, புழுவும் இல்லை, விஷம் முறிய வருஷக்கணக்கில் ஆகலாம் என்றார் அவர். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்.

"கரைச்சு ஊத்தினேனே, அது?"

நான் கேட்டுச் சொன்னேன். விஷத்தைக் கரைத்து நேராக வேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார் அந்த மனிதர். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். அக்கா குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். அடி வாங்கத் தயாராக வந்தவர் போல இருந்தார். எழுந்து, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் தப்பு தன்னுடையதுதான் என்றார். எல்லோரும் சிரித்த முகமாகக் கேட்டார்கள். "நோ வொரீஸ், மேகி" என்றார் வால்டர். மரகதம் என்ற பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும். இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே என்று ஆளாளுக்குத் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கடப்பாரை, மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வால்டரும் நாங்களும்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கன்னத்தில் அறைந்தால்கூட உறவு மிச்சம் இருக்கும். இந்த நோ வொரீஸ் இருக்கிறதே, அது கணக்கை முடித்துக் கையில் கொடுப்பது.

எல்வா கூட்டத்துக்கே வரவில்லை. வருஷம் முழுக்க அவர் வீட்டுக்கு வேண்டிய மிளகாய் அந்தப் பாத்தியில்தான் விளைந்தது. சுட்டு, தோலுரித்து, உறையவைத்து, பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு வைப்பார். இந்த வருஷம் ஒரு காய் இல்லை.

"போன் பண்ணிப் பேசலாம்க்கா. வீடு தெரியும், நான் டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"வேண்டாம் கண்ணு. அது தானா வரோணும். வந்து நாலு வார்த்தை என்னைத் திட்டோணும். அது திட்டிப்போட்டா நான் பொழைச்சுக்குவேன்."

அக்கா எல்வாவின் பாத்தியிலிருந்து மண்ணை வெட்டி வெளியே எடுக்க ஆரம்பித்தார். காலையில் போய், வெயில் நூறைத் தாண்டும் வரை வெட்டுவார். எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தன் பாத்தியிலேயே மேடாகக் குவித்தார். கடையிலிருந்து மூட்டை உரம் வாங்கி வந்து எல்வாவின் குழியில் போட்டார். முன்பு சிரித்த அதே மூட்டைதான். சபரிநாதன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஹீட் ஸ்ட்ரோக் வந்து விழப்போற. ஒரு மிளகாய்ச் செடிக்கு இத்தனையா? வா, வெண்பாகிட்ட ஃபிரிஸ்கோவுக்கே போயிடலாம். அங்க நம்மாளுங்க இருக்காங்க."

"அங்க யாருங்க இருக்கறா?" என்று கேட்டார் அக்கா. சபரிநாதன் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்வா வந்தார். மகன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தான். எல்வா நேராகத் தோட்டத்துக் கருவிகள் வைக்கும் கொட்டகைக்குப் போய்த் தன் களைக்கொத்தியையும் தொப்பியையும் வாளியையும் எடுத்தார். பாத்திக்கு வந்து நின்று, புது மண்ணைப் பார்த்தார். அக்கா மண்வெட்டியோடு எதிரில் நின்றார். அந்த இடத்தில் அவர்கள் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

அக்கா திடீரென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். ஒரு செடிகூட இல்லாத வெற்று மண்ணில் தண்ணீர் ஓடியது, பாதையில் ஏறியது, எங்கள் செருப்பை நனைத்தது. இந்த ஊரில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. முன்பு வால்டரே ஒருமுறை குழாயைச் சரியாக மூடாமல் போனதற்கு எல்வா அவரை விரட்டி விரட்டித் திட்டியிருக்கிறார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்வாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டு, திட்டு என்று அவருடைய உடம்பு முழுக்கக் கெஞ்சியது எனக்குத் தெரிந்தது. எல்வாவுக்கும் தெரிந்திருக்கும்.

எல்வா வாளியைக் கீழே வைத்தார். நடந்து போய்க் குழாயை மூடினார். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, சிரித்தார். அவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இட்ஸ் ஓகே, மேடம்," என்றார். "நோ ப்ராப்ளம்."

வாளியை எடுத்துக்கொண்டு மகனின் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அக்கா அழவில்லை. வழிந்த தண்ணீர் மண்ணில் இறங்கி முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் காரில் ஏறி, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"ஃபிரிஸ்கோவுக்கே போயிடலாம்னு அவருகிட்டச் சொல்லிப்போடறேன், ருக்மிணி," என்றார். "எங்க இருந்தா என்ன."